மோர்க்குழம்பு வந்து சேர்ந்ததா

அடையாறில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண்மணி இருந்தார். மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும்போது தலையில் பூ நசுங்கியிருக்கும். இங்கே பதிவாகும் ஒவ்வொரு முடிவும் ஈக்காட்டுத்தாங்கல் கிளையிலுள்ள நகல் சர்வருக்கும் உடனே போக வேண்டும். போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

காலையில் வந்ததும், இங்குள்ள சர்வரில் சரிபார்க்கவென்று ஒதுக்கிய இடத்தில், அன்று வீட்டில் வைத்த குழம்பின் பெயரை டைப் செய்வார். பிறகு நகல் சர்வரைத் திறந்து அதைத் தேடுவார்.

“ஸ்டேட்டஸ்ல ஓடுதுன்னு பச்சையா காட்டுதே மேடம், அப்புறம் எதுக்கு இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓடுதுன்னு அது சொல்லுது சார். வந்துச்சான்னு நான்தானே பாக்கணும்.”

ஒரு வியாழக்கிழமை மோர்க்குழம்பு வரவில்லை. ஸ்டேட்டஸ் பச்சையாகத்தான் இருந்தது. இணைப்பு அறுந்தது தெரியாமல் நகல் சர்வர் முந்தைய நாள் வத்தக்குழம்போடு நின்றிருந்தது. அவர் அதை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். விடுபட்ட முடிவுகள் வரிசையாக வந்தன, நடுவே மோர்க்குழம்பும். அன்று மாலையே அடையாறு சர்வர் படுத்துவிட்டது. நகலிலிருந்து ரிப்போர்ட் கொடுத்தோம். யாரும் இன்னொரு முறை ஊசிக்குக் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

அவர் வேறு வேலைக்குப் போன பிறகு அந்தக் குழம்பு வரியை நான் எழுதுகிறேன். அதுவரை மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட்டவன் நான். வைக்காத குழம்பை எழுத மனம் வராமல் சமைக்கப் பழகிவிட்டேன். இன்று எழுதியது தக்காளி ரசம். போய்ச் சேர்ந்துவிட்டது.