ஜன்னல் ஏ.சி.யில் வந்த வெந்நீர்

குளிர்காலத்தில் ஏ.சி. மெக்கானிக்கை யார் தேடப்போகிறார்கள்? கூட்டாளிகள் ‘ஐஸ்’ என்று கூப்பிட்ட அந்த மனிதனின் பாதி ஆயுள் இந்தக் கேள்வியிலேயே கழிந்தது. வெயில் காலத்தில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்கி வெந்துபோவான். குளிர் இறங்கியதும், உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கிவைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் விறைத்துப்போவான். நடுவில் ஒரு சொந்தக் கடை போட்டான். கூட்டுச் சேர்ந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டான். பெண் பார்த்தார்கள், கைகூடி வந்தது கடைசி நேரத்தில் தட்டிப்போனது. தொட்டது எதுவும் துலங்காத ஜாதகம். மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான்.

அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து தையல்கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். இயந்திரக் காஜாவை ஏறெடுத்தும் பார்க்காத வாடிக்கையாளர்கள் அவள் கைக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கையில்தான் மூட்டுவாதம் வந்து குடியேறியது. குளிர்காலக் காலைகளில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் பூட்டிக்கொள்ளும்.

“உடம்பு சில்லிடாம பாத்துக்கங்க. கையை தினமும் வெந்நீர்ல ஊறவைங்க. அலட்சியமா விட்டா, மடங்கின விரல் மடங்கினபடியே நின்னுடும்” என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டார் மகராசன். வெந்நீருக்கு எங்கே போவது? அந்தப் பழைய கட்டடத்தில் ஹீட்டர் சுவிட்சைத் தட்டினால் மாடி முழுக்க இருட்டாகிவிடும். வீட்டுக்காரர் இரண்டு முறை கத்திவிட்டுப் போயிருந்தார். அடுப்பில் வைத்துப் பார்த்தாள். இறக்கும்போது பிடி நழுவி, கொதிக்கக் கொதிக்கக் காலில் கொட்டிக்கொண்டாள். தம்பி கிடங்கிலிருந்து வந்து பார்த்தபோது புறங்கால் தோல் வழன்று கிடந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுவாரம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஜன்னல் ஏ.சி.யைத் தோளில் சுமந்து வந்தான்.

“ஏற்கெனவே நடுங்கிட்டிருக்கேன். இதுல ஏ.சி. வேறயாடா?” என்றாள் அக்கா.

“அக்கா, ஏ.சி. என்ன பண்ணுது? உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது. அந்தத் தள்ளுற சூட்டைத் தண்ணிக்குள்ள தள்ளினா? ஹீட்டர் குடிக்கிற கரண்டுல பாதி கூட வேணாம். ஃபியூஸ் போகாது.”

“உன் மூளை போகாம இருந்தா சரி.”

ஒரு ஸ்டீல் டிரம்மைச் சுற்றிச் செம்புக் குழாயை நெருக்கமாகச் சுற்றினான். ஏ.சி.யின் சூடான பக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இந்தக் குழாயைப் பற்றவைத்தான். கிடங்கில் கழித்துப்போட்ட தெர்மோகோல் பலகைகளை டிரம்மைச் சுற்றி அடுக்கி, சூடு ஒரு துளிகூட வெளியே கசியாதபடி இறுக்கிக் கட்டினான். குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸ் நிரப்பி, குளிக்கும் அறைக்கு வெளியே பால்கனியில் நிறுத்தினான்.

பால்கனி காலை வாரியது. வெளிக்குளிரில் ஏ.சி.யின் குளிர்ப்பக்கக் குழாய்ச்சுருள் மீது வெள்ளை வெளேரென்று பனி ஏறிக் கெட்டியாகி, காற்றுப் போக வழியில்லாமல் கம்ப்ரஸர் முனகியது. பனியைச் சுரண்டினான், மறுபடி ஏறியது. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. மூன்று முறை பிரித்துப் பூட்டிய பிறகு, முழு இயந்திரத்தையும் தூக்கி வீட்டுக்குள் வைத்தான். வீடு என்றால் ஒரே அறை. மூலையில் இயந்திரம், எதிர் மூலையில் அக்காவின் கட்டில்.

அன்றைக்கு ஓடியது பாருங்கள்! குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அக்கா வாளிக்குள் கைகளை விட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஊசியில் அவளே நூல் கோத்துக் காட்டியதும், நரைத்த தலையோடு அவன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். கிடங்கில் ஒருத்தர் விடாமல் பிடித்துவைத்துச் சொன்னான். “ஐஸ் வெந்நீர் போடுதாம்!” என்று எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டுவான். “அப்பாடா, என்ன இதமா இருக்கு!” என்பான். மைனஸ் இருபதில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கு எந்த அறைதான் இதமாக இருக்காது? அக்கா சிரித்துக்கொண்டே தட்டு வைப்பாள். லீவே இல்லாத வேலை; சாப்பிட்ட கையோடு அந்தக் கோட்டையே போர்த்திக்கொண்டு அசந்து தூங்கி, விடியுமுன் கிளம்பிவிடுவான்.

ஒரு நாள் கிடங்கில் மின்சார வேலை. கதவைத் திறக்கவே இல்லை. வாசலோடு திரும்பி வந்தான். அக்கா மாடிப்படியில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மடியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

“இங்க என்னக்கா பண்ற?”

“சும்மாதான். வெளிச்சம் நல்லா இருக்கு.”

படியில் வெளிச்சமே இல்லை. அவன் கதவைத் திறந்து உள்ளே போனான். கிடங்கின் குளிர் உடம்பில் ஏறாமல் அந்த அறைக்குள் அவன் நுழைவது அதுவே முதல் தடவை. மூச்சு புகையாக வந்தது. கட்டிலில் இருந்த மெத்தை, போர்வை எல்லாம் நனைத்துப் பிழிந்தது போலச் சில்லிட்டிருந்தன. பையிலிருந்த வெப்பமானியை எடுத்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஏ.சி. சூட்டை இடம் மாற்றத்தான் செய்யும் என்று ஊரெல்லாம் பாடம் எடுத்தவன், எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதை மறந்திருந்தான். கதவிடுக்கில் வருகிற காற்று ஈடுகட்டிவிடும் என்று தோராயமாக நினைத்தது நினைவுக்கு வந்தது. அறை சில்லென்று ஆனால் வேலை நல்லபடி முடிந்தது என்று பழகிப்போன புத்தி வேறு.

பின்னாலேயே உள்ளே வந்த அக்காவிடம், “கையைக் காட்டு” என்றான். அவள் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். பிடித்து வெளியே எடுத்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருந்தன. வாளியில் வெந்நீர் பிடித்து, கையை அமிழ்த்தி, வெகுநேரம் காத்திருந்தான். மற்ற விரல்கள் பிரிந்தன. அவை பிரியவில்லை. மெல்ல நிமிர்த்தப் பார்த்தான், அவள் அலறிவிட்டாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“விடுடா. மிச்ச விரல் இருக்குல்ல.”

“ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சிருப்பேனே!”

“எறிஞ்சிருப்ப. அதான் சொல்லல.” அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ சிரிச்சுக்கிட்டு இந்த வாசப்படி ஏறி எத்தனை வருஷம் ஆச்சு?”

வெந்நீர் இல்லாவிட்டால் இருக்கிற விரல்களும் போகும். இயந்திரம் ஓடினால் அறை அவளைத் தின்னும். வெளியே வைத்தால் பனி. இரவல் வாங்கக்கூட வேறு ஓர் அறையின் சூடு அவர்களிடம் இல்லை.

வெந்நீர் பிடித்ததில் டிரம்மில் சூடு குறைந்திருந்ததால், அவன் பொருத்திவைத்த தெர்மோஸ்டாட் ‘டக்’கென்றது. கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கி, விசிறி சுழன்றது. சில்லென்ற காற்று இருவர் மேலும் பட்டது. அக்கா கையை வாளியிலிருந்து எடுக்கவில்லை. அவனும் எழுந்து போய் நிறுத்தவில்லை.