திரைக்குக் கீழே போன பட்டன்

வடக்கே தலைநகரில், கிட்வாய் நகர்ப் பகுதியில், என் கணவருக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன். மொபைல் ஆப்பில் எந்தப் பெட்டி எங்கே வர வேண்டும், எழுத்தும் பட்டனும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்த்து அமைப்பது என் வேலை. ஒரு கண் மருத்துவமனைக்கு டோக்கன் பதிவு செய்யும் ஆப்பை அப்போதுதான் முடித்திருந்தோம். அதைத் தமிழிலும் பார்க்கலாம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

எங்கள் வீட்டில் சமைக்க வந்த பெண், தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருந்தார். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பார். கொஞ்ச நாளாக அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. பருப்பில் கல் பார்க்க முறத்தை ஜன்னலோரம் எடுத்துப் போவார். அந்த மருத்துவமனைக்கே போகச் சொல்லி, அவர் போனில் ஆப்பை ஏற்றினேன். முதல் பக்கம் திறந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன்.

“எங்கக்கா பாத்தேன்! காலைல அஞ்சு மணிக்கே போயி லைன்ல நின்னேன். என் முறை வர்றதுக்குள்ள டோக்கன் முடிஞ்சிபோச்சி.”

“ஆப்லயே போட்டிருக்கலாமே?”

“அதுல டோக்கன் போடுற பட்டனே காணோம்க்கா.”

“கீழதான் இருக்கும், சரியா பாருங்க,” என்றேன் எரிச்சலாக.

அவர் சப்பாத்தி மாவைப் பிசைந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நமக்குத்தான் தெரியலன்னு நெனச்சி யாருகிட்டயும் கேக்கல.”

எழுந்து போய் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியாததால் எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருந்தார். என் போனில் ஒரே வரியில் நின்ற தலைப்பு இங்கே நான்கு வரியாகியிருந்தது. அதற்கடுத்த பெட்டிகள் எல்லாம் இறங்க, பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. பக்கத்தை மேலே தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. எல்லாம் ஒரு திரைக்குள் அடங்கும் என்ற நம்பிக்கையில், ஒவ்வொன்றின் உயரத்தையும் நான்தான் எண் போட்டு இறுக்கியிருந்தேன்.

“உங்களுக்குத் தெரியாம இல்ல. தப்பு என்னுது,” என்றேன்.

“அச்சா, நெசமாவா?” என்றவர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

எங்கள் குழுத் தலைவரைப் போனில் கூப்பிட்டேன். இவ்வளவு பெரிய எழுத்தை யார் வைத்துக்கொள்வார்கள் என்று அவர் இந்தியில் கேட்டார். கண் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் என்றேன். “டீக் ஹை, ஜல்தி கரோ” என்றார், சரி, சீக்கிரம் செய் என்று.

அடுத்த இரண்டு நாளும் சமையலை முடித்துவிட்டு அந்தப் பெண் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுத்து பெரிதானால் பெட்டியும் வளரும்படி மாற்றினேன். பக்கம் நகரும், பட்டன் மட்டும் அடியிலேயே நிற்கும். ஈரக் கையோடு அவர் அதை அழுத்தியபோது, பக்கத்திலிருந்த ‘ரத்து’ பட்டனும் சேர்ந்து அழுந்தியது.

“ரெண்டையும் ஏன்க்கா ஒட்டி வெச்சீங்க?”

‘ரத்து’ பட்டனை மேலே ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய், டோக்கன் பட்டனை முழு அகலத்துக்கு நீட்டினேன். மறுபடி அழுத்தினார். டோக்கன் எண் வந்தது. “வந்துருச்சி!” என்று, பக்கத்திலேயே இருந்த எனக்குப் போனைத் தூக்கிக் காட்டினார்.

அந்த டோக்கனோடு போனபோது, கண்ணாடி போட்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிற்பாடு கேம்ப்பில் வீடுகளை அரசு இடித்தபோது, அவர் வெகு தூரத்துக்குக் குடிபோனார். எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது. இப்போது அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் டோக்கன் போட்டுக் கொடுக்கிறாராம். போனில் பேசியபோது, அன்று பட்டனைக் காணோம் என்று வாய்விட்டுச் சொன்னதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

“எனக்குத்தானக்கா டோக்கன் கெடச்சுது, நீங்க எதுக்கு தேங்க்ஸ் சொல்றீங்க?” என்று சிரித்தார்.