நான் கழித்து வைத்த சீட்டு

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் கோளாறு முழுக்க என் கையில் இருந்தது.

என் அப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்தவர். ஊர் நாகர்கோவில் பக்கம். ஓய்வுக்குப் பிறகு பிழைக்கத் திருப்பூர் வந்தோம். இங்கே ஒரு பனியன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். போன வருஷம் ஜூன் மாதம், பின்னால் வந்த லாரியின் ஹாரன் அவர் காதில் விழவில்லை. டிரைவர் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது. வேலை போய்விட்டது.

காது பீரங்கிச் சத்தத்தில் போனது. அதற்கு ஊன பென்ஷன் கேட்கலாம், ஆனால் சர்வீஸில் இருக்கும்போதே ஆரம்பித்தது என்று மருத்துவ ஆதாரம் வேண்டும் என்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொன்னார்கள்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். எதையும் சட்டென்று முடித்தாக வேண்டும் எனக்கு. "விடுங்கப்பா, மூணே நாள்!" என்று அப்பாவின் பழைய காகிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டியைக் கொட்டினேன். தேதிவாரியாக அடுக்கி, ஸ்கேன் செய்து, முன்னால் பட்டியலும் போட்டேன். ஃபைல் அத்தனை அழகு.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. சர்வீஸ் காலத்து ஆதாரம் இல்லை. நிராகரிப்பு.

அப்பா இரண்டு முறை படித்தார். "அப்ப நான் பொய் சொல்லுதேனா, மக்ளே?" தன் சத்தம் தனக்கே தெரியாமல் கத்திவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அதற்குப் பிறகு அலைச்சல்தான். ராணுவ ஆவண அலுவலகத்துக்குக் கடிதம். பதில் இல்லை. இன்னொரு கடிதம். பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்றார்கள். லீவு தீர்ந்தது. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எனக்கு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, முடியலை. எங்கப்பாவை யாராவது நம்பணும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் செக்கிங் டேபிளில் எதிரே மணியக்கா. பக்கத்து மங்கலத்துக்காரர்; அப்பா கேஸ் முழுக்க அவருக்குத் தெரியும். "ஏன் கண்ணு மூஞ்சி வாடிக் கெடக்குது? அப்பா பேப்பரெல்லாத்தையுங் குடுத்தியல்ல?"

"நல்லா இருந்ததெல்லாம் கொடுத்தேங்க்கா. கிழிஞ்சது, கறை பட்டதை மட்டும் கழிச்சு வெச்சுட்டேன்."

அக்கா கையிலிருந்த டி-ஷர்ட்டைக் கீழே வைத்தார். "அடி கிறுக்கி! அதென்ன பனியனா, கறை இருந்தா ரிஜெக்ட் பண்றதுக்கு?"

டேபிளே சிரித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் பாலித்தீன் பைக்குள் பதினொரு தாள்கள். கம்பெனிப் பழக்கத்தில், கறை இருக்கும் இடத்தைக் காட்டி நானே ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒவ்வொன்றிலும். ஐந்தாவது தாள், முகாம் மருத்துவ அறையில் கொடுத்த சீட்டு. அப்பா பெயர், படை எண், தேதி. சுடும் பயிற்சிக்குப் பின் இடது காதில் ரத்தக் கசிவு என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"டீ கொட்டின பேப்பர்னு நெனச்சேம்ப்பா," என்று அவர் காதருகே கத்தினேன்.

அப்பா கறையைத் தடவினார். "டீ இல்ல மக்ளே. காதுல வச்ச பஞ்சை இதுலதான் பொதிஞ்சு வச்சிருந்தேன். நீ இதையும் அனுப்பிட்டன்னுல்லா இருந்தேன்."

நான் அங்கேயே முழங்காலில் விழுந்தேன்.

காது டாக்டர் அந்தச் சீட்டையும் இப்போதைய பரிசோதனையையும் வைத்து, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதிக்கொடுத்தார். மேல்முறையீட்டில் பதினொரு தாளையும் வைத்தேன். மருத்துவ வாரியம் அப்பாவை அழைத்துப் பார்த்தது. போன மாதம் உத்தரவு வந்தது. பணியின்போது ஏற்பட்ட பாதிப்பு என்ற வரியை அப்பா விரல் வைத்துப் படித்தார். "நம்பிட்டாங்க," என்றார்.

ஸ்தோத்திரம். களைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எதையும் அவசரப்பட்டு ஒதுக்குவதில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்களே, அழகான ஜெபத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கிழிந்ததையும் கறைபட்டதையும் அப்படியே அவரிடம் கொடுங்கள். அவர் கழித்து வைப்பதில்லை.

அப்பாவுக்குக் காது திரும்பவில்லை. பாட்டு முடிந்தது தெரியாமல் அவர் மட்டும் இன்னொரு வரி பாடுவார். இன்றைக்கும் பாடுவார். திரும்பிப் பார்க்காதீர்கள். கூடவே பாடுங்கள்.