பி செக்‌ஷனுக்கு ஏரி இல்லை

நான் ஏழாவது படித்தபோது எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஓர் அறிவியல் டீச்சர் வந்தார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே, ஏதோ ஆராய்ச்சிக்காக ஒரே ஒரு பருவம் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர். முதல் வாரமே ஏ, பி இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார். தண்ணீர், குப்பை, மரம், பறவை என்று கேள்விகள். இரண்டு செக்‌ஷனும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அசடு என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிள்ளைகள் தப்பாக எழுதியதற்காக நிம்மதி அடைந்த டீச்சரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியம் ஆனதும் ஏ செக்‌ஷன் வரிசையாக ஏரிக்குப் போகும். பி செக்‌ஷனுக்கு அதே பாடம் வியாழக்கிழமை, வகுப்பறையில். நான் பி செக்‌ஷன். என் சித்தப்பா மகள் ஏ செக்‌ஷன்.

அண்ணனூரில் ஒரே வீட்டில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். அவளுக்கும் எனக்கும் நான்கு மாத வித்தியாசம். ஒரு சைக்கிளில் போய் ஒரே சைக்கிளில் வருவோம். அவளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத விஷயம் என்று அதுவரை எதுவும் இருந்ததில்லை. முதல் வெள்ளிக்கிழமை அவள் முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றாள்.

“இன்னாடி பண்ணீங்க அங்க?”

“சொல்லக் கூடாதுன்னு மிஸ் சொல்லிக்கீறாங்க. பி செக்‌ஷனுக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்பூடுமாம்.”

என்ன கெட்டுப்போகும் என்று அவளுக்கும் தெரியவில்லை. நாங்கள் ஏதோ தொற்றுநோய் என்பதுபோல எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை வகுப்பில் டீச்சர் நீர் மாசுபாட்டின் வகைகளைக் கரும்பலகையில் எழுதினார். நாங்கள் பார்த்து எழுதினோம். நான் எழுந்து, “நம்ம ஏரித் தண்ணி நல்ல தண்ணியா மிஸ்?” என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு சாக்பீஸைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “புத்தகத்துல இருக்கறத மட்டும் பாப்போம்மா” என்றார். அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். குறிப்பாக என்னை.

மூன்றாவது வாரம் நான் சித்தப்பா மகளோடு பேசுவதை நிறுத்தினேன். நடந்தே பள்ளிக்குப் போனேன். அவள் இரண்டு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். மூன்றாம் நாள் அவள்தான் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை பெயிண்ட் டப்பா மூடி ஒன்றையும் கொடிக்கயிறு ஒன்றையும் எடுத்துக்கொண்டு என்னை ஏரிக்குக் கூட்டிப்போனாள்.

மூடியில் ஒரு கல்லைக் கட்டியிருந்தாள். கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. மூடி கண்ணுக்கு மறையும் வரை தண்ணீரில் இறக்க வேண்டும். பிறகு எத்தனை முடிச்சு நனைந்தது என்று எண்ண வேண்டும்; முடிச்சு கூடக் கூடத் தண்ணீர் தெளிவு. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் செய்தது இதுதானாம். மதகுப் படியில் ஐந்து முடிச்சு. சாக்கடை வந்து கலக்கும் இடத்தில் ஒன்றரை. நான் நம்பாமல் திரும்பத் திரும்ப இறக்கினேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் ஏரி. அதற்கு இடத்துக்கு இடம் வேறு வேறு கண் இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் டீச்சரைவிடக் கண்டிப்பு. எண்ணிக்கையை நோட்டில் எழுதாமல் அடுத்த இடத்துக்கு நகர விடமாட்டாள். அவ்வழியே வந்த சித்தப்பா, “ஏரியாண்ட இன்னா வேல உங்களுக்கு? நடங்க ஊட்டுக்கு!” என்று கத்தியபோதும், எண்ணி முடித்த பிறகுதான் கயிற்றைச் சுருட்டினாள். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் போனோம்.

பருவத்தின் முடிவில் அதே பரீட்சை மறுபடியும் வந்தது. ‘உங்கள் ஊர் நீர்நிலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுக’ என்பது கடைசிக் கேள்வி. ஜாக்கிரதையாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் கை நிற்கவில்லை. நான்கு பக்கம் போனது.

மறுநாள் டீச்சர் என்னை மட்டும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். என் விடைத்தாள் அவர் மடியில் இருந்தது.

“இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?”

“புத்தகத்துலதான் மிஸ்.”

“புத்தகத்துல முடிச்சுக் கணக்கு இல்லியே.”

சித்தப்பா மகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது மட்டுமே என் மனதில் இருந்தது. டீச்சர் மற்ற தாள்களைக் கட்டி ஓர் உறையில் போட்டார். என்னுடையதை மட்டும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். தலைமையாசிரியரிடம் காட்டத்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, “நாளைக்கு பி செக்‌ஷனுக்கு ஏரி” என்றார். வகுப்பே கூச்சல் போட்டது. எனக்கு மட்டும் அவர் திட்டம் புரிந்துவிட்டது. கரையில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து உண்மையை வாங்கப்போகிறார். அந்தப் பருவம் முழுக்க நான் ஏங்கிய வெள்ளிக்கிழமை வந்தபோது, வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். மூன்று மணிக்கு மாடி ஜன்னல் வழியாக என் வகுப்பு தெருவில் போவதைப் பார்த்தேன். டீச்சர் முன்னால் நடந்தார், கையை வீசி வீசி ஏதோ சொல்லிக்கொண்டு, யாரோ கேட்டதற்கு நின்று திரும்பிச் சிரித்துக்கொண்டு. எங்கள் வகுப்பறையில் அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

என் வகுப்புப் பெண்களிடம் விசாரித்துவிட்டு சாயங்காலம் சித்தப்பா மகள் மாடிக்கு வந்தாள். “மிஸ் உன்ன ரெண்டு வாட்டி கேட்டாங்களாம். அவ வந்திருந்தா அவளே உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பான்னாங்களாம்.” என்னை மாட்டவைக்கத்தான் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஐயப்பன்தாங்கலில் என் மகளின் பள்ளிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். ஏரியில் கற்பதைப் புத்தகத்தில் கற்பதோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு வகுப்பைப் புத்தகத்தோடு நிறுத்திவைக்க வேண்டும். ரகசியமாக ஏரியைக் கற்றவளின் தாளை உறைக்கு வெளியே எடுத்துவைக்க வேண்டும். அந்த வகுப்பின் கேள்விகளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் வேண்டும். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று கேட்க ஆசை. எங்கே இருக்கிறாரோ, தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனபோது அவருடைய பருவம் முடிந்திருந்தது. பழைய டீச்சரே வந்து பாடம் எடுத்தார். நல்லவேளை, தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டேன்.