கொடுக்காமல் போன சிறுநீரகம்

என் கணவர் வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வருடா வருடம் மெடிக்கல் செக்கப் உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அவர் பிரஷர் மாத்திரையைத் தேடுவார். புரொமோஷன் பாதிக்கும், ஃபைலில் பிரஷர் என்று ஏறக் கூடாதாம். ஊறுகாய்க்கும் அந்த ஒரு வாரம் லீவு. ரீடிங் நார்மல் என்று வந்த அன்றே ஆவக்காய் பாட்டில் மேசைக்குத் திரும்பிவிடும். பரீட்சைக்குப் படிப்பதுபோல உடம்பைப் பார்த்துக்கொண்ட மனிதர். நானும் சிரித்துக்கொண்டே பரிமாறினேன்.

மற்ற நாட்களில் ஏறிக்கிடந்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது. வலியே இல்லை. கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. சீக்கிரமே டயாலிசிஸ் வரை போய்விட்டது.

"என்னுது ஒண்ணைத் தரேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மல்காஜ்கிரியில் எங்கள் அப்பார்ட்மென்ட் தமிழ்க் குடும்பங்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். திருச்சியிலிருந்து நாத்தனார் போனில் அழுதாள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆபரேஷன் என்றாலே எனக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பரிசோதனையில் எனக்கும் பிரஷர் அதிகம். வேறு வேறு நாட்களில் பார்த்தும் இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் வேறு.

"இனிமே உங்க கிட்னியைத்தான் நீங்க காப்பாத்திக்கணும்மா. கொடுக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

பயந்திருக்க வேண்டும். எனக்கோ 'அப்பாடா' என்றிருந்தது. உடனே கூசிப்போனேன். வெளியே காத்திருந்த அவரிடம் போவதற்குள் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டேன். அது இன்னும் கேவலம்.

திரும்பும் வழியில் அமீர்பேட் நெரிசலில் ஆட்டோ நின்றது. "எல்லார்கிட்டயும் தரேன்னு சொல்லிட்டேனே. இப்ப என்னங்க சொல்றது?" என்றேன். அப்போதும் என் கவலை அதுதான்.

"டாக்டர் முடியாதுன்னுட்டார்னு சொல்லு. உண்மைதானே" என்றார். ஆட்டோ நகர்ந்ததும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நானும் இப்படி ஆகணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன். நீ பயந்துகிட்டுக் கிடந்தது எனக்குத் தெரியாதா?"

தன் உயிருக்குக் கிடைக்கவிருந்த வழி அடைபட வேண்டும் என்று எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பேன்?