போடாத கார்டுக்கு ஒரு புகார்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். திருவொற்றியூரில் எங்களுக்கு மாடி வீடு. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் ஹாம் ரேடியோதான். அரசாங்க உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி, முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. ஒருவரோடு முதல்முறை பேசினால், 'ஆமாம், உங்களோடு பேசினேன்' என்று உறுதி சொல்லி ஆளுக்கொரு கார்டு தபாலில் அனுப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். ஜப்பான், பிரேசில் என்று எனக்கு வந்த கார்டுகளை வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டாமல் காபி கொடுத்ததில்லை.

ஒரு சாயங்காலம் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் ரேடியோவில் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. உரிமம் கைக்கு வந்து முதல்முறையாகப் பேசுகிறாராம். அப்பாவின் விசைப்படகில் இருக்கும் வயர்லெஸ்ஸைக் கேட்டுக் கேட்டு வந்த ஆசை. ஐஸ் பேக்டரியில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறார்.

"சார், நான் பர்ஸ்ட்டு பேசுன ஆளே நீங்கதான். கார்டு அனுப்புவீங்கல்ல?"

"கண்டிப்பாம்மா" என்றேன்.

அவருடைய கார்டு சீக்கிரமே வந்தது. அப்பாவின் படகைப் போட்டோ எடுத்து அதிலேயே அச்சடித்திருந்தார். நான் அதை மேஜை டிராயரில் போட்டேன். காசிமேடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்தக் கார்டைச் சுவரில் ஒட்டினால் யார் வியக்கப் போகிறார்கள்? பதில் கார்டு எழுதவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே வாரம் பின்லாந்துக்கு ஒன்று எழுதிப் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சில மாதம் கழித்து, ஒற்றியூர்க் கோயிலுக்கு வந்த அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சுவரில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன்னுடைய கார்டைத் தேடுகிறார் என்று புரிந்தது.

"என் கார்டு வந்துச்சா சார்?"

"வந்துது, உள்ளே இருக்கு. நானும் அப்பவே போட்டேனே, கிடைக்கலையா?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் மலர்ந்துபோனது.

"அனுப்பிட்டீங்களா! நான்தான் சார் தப்பா நென்ச்சிக்கினேன். எங்க ஏரியாவுல தபாலு எப்பவும் பேஜாருதான்."

"வேணும்னா இன்னொண்ணு எழுதித் தரேன்" என்றேன் அவசரமாக.

"வேணாம் சார். நீங்க போட்டது எங்க போச்சுன்னு கேக்கறேன். வுட மாட்டேன்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

மாலையில் நாங்கள் சிலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோம். அடுத்த வாரம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், போஸ்ட் ஆபீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டேன். தபால்காரரைக் கூப்ட்டு வெசாரிச்சிகினு இருக்காங்க. கார்டு போட்டது நெசம்னு நீங்க வந்து ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும்."

மைக் என் கையில் இருந்தது. "சரியா கேக்கலைம்மா, சிக்னல் வீக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு செட்டை அணைத்தேன். அவர் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதுதான் உண்மை.

அந்தத் தபால்காரரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அவர் நினைப்புதான். மறுநாள் லீவு போட்டுவிட்டு, கார்டை எழுதி எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் போனில் வரச் சொல்லி, அவர்கள் பகுதித் தபால் நிலையத்துக்குப் போனேன்.

தபால்காரர் பையைத் தோளிலிருந்து இறக்காமலே அதிகாரியின் மேஜை முன் நின்றிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும், "என் கட்டுல வந்திருந்தா குடுத்திருப்பேன் சார். அத்த வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் கார்டு போடவே இல்லை. இவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று அதிகாரியிடம் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தபால்காரர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

"மன்ச்சிக்கோண்ணே. தெரியாம உன்ன இன்னா பேச்சு பேசிட்டேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

"வுடும்மா" என்ற தபால்காரர் என்னிடம் கேட்டார்: "போடலைன்னு சொல்லியிருந்தா இன்னா சார் ஆயிருக்கப் போவுது?"

சட்டைப் பையிலிருந்த கார்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"கையில வேணாம் சார். தபால்ல போடுங்க. அண்ணன் கொண்டாந்து குடுக்கட்டும்."

அங்கேயே ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டேன். சில நாளில் 'கார்டு கிடைத்தது' என்று அவரிடமிருந்து போனில் செய்தி வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை.

மாலையில் இன்றும் அவர் குரல் கேட்கிறது. நடுக்கமெல்லாம் போய், யார் யாரோடோ சிரித்துப் பேசுகிறார். என்னை மட்டும் கூப்பிடுவதில்லை. அந்தத் தபால்காரர் மேல் தப்பில்லை என்று அதே அலைவரிசையில் எல்லோரும் கேட்க நான் சொல்லியிருக்க வேண்டும். பலமுறை மைக்கை எடுத்தும் அந்தத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் என் பொய்யைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எனக்காக ஒருவரோடு சண்டைக்குப் போகும் அளவுக்கு நம்பினாரே, அதை நினைத்தால்தான் இன்றும் கூசிப்போகிறேன்.