நகத்துண்டு அளவு வெயில்

ஈப்போ பக்கம் செமோரில் மகளின் பாலர் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பழைய பட்டறை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் முனியாண்டி எழுதியிருந்தார்: ‘சவரி அண்ணே காலையில போய்ட்டாரு. நெஞ்சு வலி. பாடி சிம்பாங் பூலாய் வீட்லதான் இருக்கு.’ மூன்று முறை படித்தேன். மகள் ஓடிவந்து பையை என் கையில் திணித்துவிட்டு, பின்னல் அவிழ்ந்துபோனதைப் பற்றி ஏதோ புகார் சொன்னாள். காதில் விழவில்லை. காரை எடுத்தவள் வீட்டுக்குத் திரும்பும் முனையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

சவரிமுத்து அண்ணனை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் சிலர் அவரைப் பற்றி ஒரே ஒரு குறை சொல்வீர்கள்: ‘நல்ல மனுசன்தான். ஆனா மாசமா இருந்த பொண்ண கிரகணத்துல வெளிய கூப்புட்டுட்டாரு.’ அந்தப் பெண் நான். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டார் என்று பொய் சொன்னதும் நான்தான். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டிய இடத்தில் என் குற்றத்தை எழுதுவது முறையா என்று தெரியவில்லை. வேறு எப்படி ஆரம்பித்தாலும் இரண்டு வரிக்குமேல் ஓட மாட்டேன் என்கிறது. நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே, சாலையோரம் எங்கள் பட்டறை இருந்தது. கேட், கிரில், லாரி பாடி எல்லாம் செய்வார்கள். நான் முன்னறையில் போன் எடுப்பவள். அவர் தலைமை வெல்டர். ஒரு கேட்டைச் செய்து முடித்தால் இரண்டு கையாலும் பிடித்து அதில் தொங்குவார். தொப்பையும் காக்கிச் சட்டையுமாக அந்த மனிதர் தொங்குவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ‘சிரிங்க, சிரிங்க. பாதி ஒட்டுனா ஒட்டவே இல்லன்னுதான் அர்த்தம்’ என்பார். அவர் செய்த கேட் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. இன்றுவரை முனகியதில்லை.

தேநீர் இடைவேளை வந்தால் சபா கதை வரும். இளவயதில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா மாநிலத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தபோது அவர் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்தவர். நாங்கள் அந்தக் கதையைக் குறைந்தது ஐம்பது தடவையாவது கேட்டிருப்போம்.

‘பதினாலாம் நம்பர் வெல்டிங் கண்ணாடிய வச்சிப் பாக்குறேன். நகத்துண்டு அளவுதான் வெயில் மிச்சம். அப்பவும் பகல்தான் லா! நெழல் விழுது, கோழி மேயுது, கங்காணி ஏசுறான். அந்தத் துண்டும் போச்சு பாருங்க, ஒரே இருட்டு. பட்டப்பகல்ல நட்சத்திரம். கண்ணாடிய எடுத்துட்டு வெறுங்கண்ணால பாத்தேன். கருப்பா ஒரு வட்டம், சுத்தி வெள்ளையா முடி மாரி பறக்குது. கோழி எல்லாம் கூண்டுக்குப் போயிருச்சு. அந்தக் கங்காணி இருக்கானே, பெரிய முரடன், அவன் மண்ணுல உக்காந்து அழுவுறான்.’

‘நீங்க அழுதீங்களா அண்ணே?’ என்று யாராவது கேட்போம்.

‘எனக்கு எங்க நேரம்? ரெண்டே நிமிசம். பாக்கவே பத்தல.’

கடைசியில் எப்போதும் ஒரே முடிவுரை: ‘பாதி மறையிறதெல்லாம் கிரகணமே இல்ல. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது மறைஞ்சாலும் அது பகல்தான்.’ இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சை வைத்துத்தான் நான் அவரை மடக்கினேன்.

அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அண்ணன் வீட்டு முறுக்கு டின் என் மேசைமேல் இருந்தது. எனக்கு ஆறு மாதம். ஜோகூர்ப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரியும், ஈப்போவில் பகுதி கிரகணம்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே என் மாமியார் சோற்றுப் பானைமேல் அறுகம்புல்லைப் போட்டுவிட்டு, ‘பதினொண்ணுக்கு மேல வெளிய கால வைக்காத. சன்னல சாத்திட்டு உக்காரு. கையில எதையும் வெட்டாத’ என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மதியம் ஒரு மணி இருக்கும். முன்னறையில் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பட்டறையில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். தகரக் கூரையில் இருந்த ஆணி ஓட்டைகள் வழியாக விழும் வெயில், எப்போதும் வட்டம் வட்டமாகத் தரையில் கிடக்குமே, அன்றைக்கு அத்தனையும் பிறை பிறையாகக் கிடந்தது. சிமெண்டுத் தரை, கம்பிக் கட்டு, முனியாண்டியின் முதுகு, எல்லா இடத்திலும் பிறை. அதற்குமேல் எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போய், ‘அண்ணே, அந்தக் கண்ணாடிய குடுங்க’ என்று கேட்டேன்.

‘வேணாம் தங்கச்சி. ஒங்க வீட்ல சங்கடம் வரும். உள்ள போ’ என்றார்.

‘நீங்கதான் பாதி மறையிறது கிரகணமே இல்லன்னு சொல்வீங்க. இல்லாததப் பாத்தா என்ன வந்துடும்?’

அண்ணன் சிரித்துவிட்டார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்து, ‘மொகத்தோட ஒட்டி வச்சுக்க. பாதியா இருக்கறப்ப எடுக்கவே கூடாது, கண்ணு போயிரும்’ என்றார். பச்சையாக, தின்றுபோட்ட தர்பூசணித் தோல் மாதிரி இருந்தது சூரியன். அரை நிமிடம் பார்த்திருப்பேன். யாரோ படம் எடுத்தார்கள். கண்ணாடியும் வயிறுமாக நான், பக்கத்தில் கை கட்டிக்கொண்டு அவர். அந்தப் படம் போன் போனாகப் போய் கடைசியில் மாமியாரின் தங்கைக்கும் போய்ச் சேர்ந்தது.

மகள் மேலுதட்டுப் பிளவோடு பிறந்தாள். அதற்குமேல் எங்கள் வீட்டில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு வாய் பிளக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். கொரோனாவால் எங்கும் போகமுடியாமல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்கள் வேறு. மாமியாரின் பார்வையிலிருந்து தப்ப எனக்கு ஓர் அறை கூட இல்லை. ஒரு நாள் தாங்காமல், ‘நானா போகல. சவரி அண்ணேதான் வா வான்னு கூப்புட்டாரு’ என்று சொல்லிவிட்டேன். பழி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் அண்ணனும் அவர் மனைவி ரோசலின் அக்காவும் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். மாமியார் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ‘நீங்கதான் என் மருமகள வெளிய கூப்புட்டீங்களா?’ என்று நேராகக் கேட்டார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மாமியாரிடம், ‘ஆமாம்மா. நான்தான் கூப்புட்டேன். மன்னிச்சிருங்க’ என்றார். ரோசலின் அக்கா கொண்டுவந்த துணிப் பொட்டலம் அன்றைக்குத் திரும்பிப் போயிற்று.

அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் சொன்னார்: கருவில் உதடு சேருவது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆறாம் மாதத்தில் நான் வானத்தைப் பார்த்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை என் கணவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் சொன்னால் பழைய பேச்சு கிளறப்படும், பொய் வெளியே வரும் என்ற பயம். அண்ணனிடம் சொல்ல என்ன தடை? பட்டறைக்குத் திரும்பியபின் தினமும் அவரைப் பார்த்தேன். தினமும் அவர் கேட்பார்: ‘பாப்பா வாய் எப்படி இருக்கு தங்கச்சி?’ ‘ஆறிக்கிட்டு வருது அண்ணே’ என்பேன். அவ்வளவுதான். பட்டறையை மூடி அவரவர் ஒரு திசைக்குப் போகும்வரை அவ்வளவுதான்.

சபா கதையை அவர் அதன்பிறகு சொல்லவே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒருமுறை கேட்டார். ‘அதெல்லாம் பழைய கதை லா. வேலையப் பாருங்க’ என்று முகமூடியை இறக்கிக்கொண்டார். நெருப்புப் பொறி பறந்தது. நான் போன் அடித்ததுபோல் பாவித்து உள்ளே போய்விட்டேன்.

அடக்கம் முடிந்த அன்று இரவு முழுதும் புரண்டுவிட்டு, காலையில் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மருத்துவர் சொன்னது உட்பட. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ‘அந்த மனுசன் பின்ன ஏன் ஆமான்னு சொன்னாரு?’ என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு நான் கிளம்பியபோது சேலை மாற்றிக்கொண்டு வந்து, ‘நானும் வாரேன்’ என்று காரில் ஏறினார்.

ஜெபம் முடிந்ததும் மாமியார் ரோசலின் அக்காவின் கையைப் பிடித்தார். ‘ஒங்க வீட்டுக்காரர் கூப்புடலம்மா. இவதான் கேட்டிருக்கா. அன்னைக்கி நான் ஒரு வாய் தண்ணி குடுக்கல.’

‘தெரியும்மா’ என்றார் அக்கா. ‘அன்னைக்கே கார்ல வரும்போது சொன்னாரு. “பழி நம்மகிட்ட இருந்தா என்ன, நாம தூரத்துல இருக்கோம். அங்க இருந்தா அந்தப் புள்ள மூணு வேளையும் அதோடதான் சாப்புடணும்”னாரு.’ பிறகு என் பக்கம் திரும்பி, ‘பொய்ய பத்தி அவருக்கு வருத்தமே இல்ல தங்கச்சி. அந்தக் கண்ணாடிய குடுத்ததாலதான் பாப்பாவுக்கு அப்படி ஆயிருச்சோன்னுதான் கடைசி வரைக்கும் மருகிக்கிட்டு இருந்தாரு’ என்றார்.

அந்தக் கண்ணாடியை அக்கா என்னிடமே கொடுத்துவிட்டார். அதையும் அவருடைய சபா கதையையும் நான் வைத்துக்கொள்கிறேன். கதையை மகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன். கோழிகள் கூண்டுக்குப் போகும் இடத்தில் சிரிக்கிறாள். சிரித்தால் உதட்டின்மேல் மெல்லிய கோடு ஒன்று தெரியும், அவ்வளவுதான். ‘கண்ணாடிய எப்பம்மா எடுக்கலாம்?’ என்று கேட்கிறாள். ‘முழுசா மறைஞ்சப்புறம்தான்’ என்று அவர் குரலிலேயே சொல்கிறேன்.

மருத்துவர் சொன்ன, இரண்டாம் மாதம் என்ற அந்த ஒரு வரி இப்போது எனக்குச் சரளமாக வருகிறது. மாமியாரிடம் சொன்னேன். ரோசலின் அக்காவிடம் சொன்னேன். இதோ, உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தினமும் பாப்பாவின் வாயைப் பற்றிக் கேட்ட ஒரே ஒருவருக்குத்தான் இன்னும் தெரியாது.